மொட்டை மாடியில் ஆவணப்படம்: அக்கம்பக்கத்தாரோடு உட்கார்ந்து பார்ப்பது எப்படி

ஒரு மொட்டை மாடி, ஒரு வெள்ளைச் சுவர், வாடகைக்கு ஒரு புரொஜெக்டர், இருபது பேர். சென்னையில் நல்ல ஆவணப்படம் பார்க்க இவ்வளவு இருந்தால் போதும். சைதாப்பேட்டையில் எங்கள் பன்னிரண்டு வீட்டு அபார்ட்மென்ட் மாடியில் மூன்று வருஷமாக, மழை மாதங்களைத் தவிர, மாதம் ஒரு ஞாயிறு இதைச் செய்துகொண்டிருக்கிறோம். எப்படிப் பண்றீங்க, எந்தப் படம் போடறது, யார்கிட்ட கேட்கணும் என்று நிறையப் பேர் விசாரிக்கிறார்கள். வாட்ஸப்பில் துண்டு துண்டாகச் சொன்ன பதில்களை எல்லாம் சேர்த்து இங்கே எழுதிவிடுகிறேன்.

முதலில் ஒரு விஷயம். நல்ல மனிதர் ஒருவரைப் பற்றிய படத்தை மொபைலில் தனியாகப் பார்த்தால் என்ன ஆகிறது? நெஞ்சு கனத்துப் போகிறது, இரண்டு பேருக்கு லிங்க் அனுப்புகிறோம், குக்கர் விசில் அடித்ததும் எழுந்து போய்விடுகிறோம். அதே படத்தைப் பக்கத்து வீட்டுக்காரர்களோடு உட்கார்ந்து பார்த்தால் முடிந்த பிறகு யாராவது வாயைத் திறப்பார்கள். அந்தப் பேச்சுக்காகத்தான் நாங்கள் மாடிக்கு வயர் இழுக்கிறோம். படம் தேர்வு செய்வது, நேரம் வைப்பது, நாற்காலி போடுவது என்று கீழே நான் சொல்வதெல்லாம் படத்துக்குப் பிறகு வரும் அந்த அரைமணி நேரத்தை மனதில் வைத்துச் சொல்வதுதான்.

எந்தப் படம் போடுவது

தன்னம்பிக்கை மனிதர்கள், சாதனையாளர்கள் என்று தேடினால் யூடியூபில் ஆயிரம் வந்து விழும். அதில் பாதிக்கு மேல் பாராட்டு விழா மாதிரி இருக்கும். பின்னணியில் வயலின், நாற்காலியில் உட்கார்ந்து நாலு பெரிய மனிதர்கள் அவரைப் புகழ்வார்கள், அவர் காலையில் எழுந்து என்ன செய்கிறார் என்பது மட்டும் கடைசி வரை தெரியாது. இதைக் கண்டுபிடிக்க நான் கடைப்பிடிக்கும் வழி எளிது: ஒலியை முழுதாக அணைத்துவிட்டுப் பத்து நிமிடம் பாருங்கள். அவர் கை எதைத் தொடுகிறது, எந்த இடத்தில் நின்று யோசிக்கிறது, எதில் தவறு நடந்து மறுபடி செய்கிறது என்று ஒலி இல்லாமலே புரிந்தால் அந்தப் படத்தை நம்பி மாடிக்கு எடுத்துப் போகலாம். வாய்கள் அசைவது மட்டும்தான் தெரிகிறது என்றால் வேறு படம் தேடுங்கள்.

இன்னொன்றும் பார்ப்பேன். அந்த மனிதர் எப்படிச் சாப்பிடுகிறார், குடும்பம் எதில் ஓடுகிறது என்பதைப் படம் காட்டுகிறதா? அது தெரியாமல் போனால் பார்ப்பவர்கள் "அவங்களுக்கு வசதி இருக்கு, செய்யறாங்க" என்று சொல்லிவிட்டு எழுந்து போவார்கள், அப்படிச் சொல்வதில் தப்பும் இல்லை.

முதல் படமாக எல்லாருக்கும் நான் சொல்வது 'ஃபாரஸ்ட் மேன்'. 2013இல் வந்தது, பதினாறு நிமிடம்தான், யூடியூபிலேயே இருக்கிறது. அசாமில் பிரம்மபுத்திரா ஆற்றின் மணல்திட்டில் 1979இல் மரம் வைக்க ஆரம்பித்த ஜாதவ் பாயேங்கைப் பற்றியது. அந்த வருஷம் வெள்ளம் வடிந்த பிறகு, நிழலே இல்லாத மணலில் பாம்புகள் வெயில் தாங்காமல் செத்துக் கிடந்ததைப் பார்த்துவிட்டு மூங்கிலில் தொடங்கினார், இன்றைக்கு அது சுமார் 550 ஹெக்டேர் காடு. ஹெக்டேர் கணக்கைச் சொன்னால் யார் மனதிலும் எதுவும் பதியாது. "நம்ம கிண்டி தேசியப் பூங்கா மொத்தமே 270 ஹெக்டேர்தான், அது மாதிரி இரண்டு சேர்த்து வைங்க" என்று படம் போடுவதற்கு முன்னால் சொல்லுங்கள், பூங்காவின் சுவர் ஓரமாக பஸ்ஸில் தினமும் போய்வருகிறவர்களுக்குச் சட்டென்று புரியும். மாடும் எருமையும் வைத்துப் பால் விற்றுத்தான் அவர் பிழைத்தார் என்பதையும் அப்போதே சொல்லிவிடுங்கள். அவருக்கு பத்மஸ்ரீ கிடைத்தது 2015இல், ஆனால் விருதை முன்னால் வைத்து அறிமுகம் செய்ய வேண்டாம், விருது என்றதும் கூட்டம் நிமிர்ந்து உட்கார்ந்து கைதட்டத் தயாராகிவிடும், பிறகு மண்ணைப் பார்க்காது.

தமிழிலேயே வேண்டும் என்றால் 'தி எலிஃபன்ட் விஸ்பரர்ஸ்'. முதுமலை தெப்பக்காடு முகாமில் பொம்மனும் பெள்ளியும் தாயை இழந்த ரகு என்ற யானைக் குட்டியை வளர்க்கிற படம், சுமார் 40 நிமிடம், கார்த்திகி கொன்சால்வஸ் எடுத்தது, 2023இல் ஆஸ்கர் வாங்கியது. பெரும்பாலானோர் பேராவது கேட்டிருப்பார்கள், முழுதாகப் பார்த்தவர்கள் குறைவு. குழந்தைகள் நிறைய வரும் நாளில் இதைப் போடுங்கள். ரகுவை வேறு பராமரிப்பாளரிடம் ஒப்படைக்கும் இடம் வரும்போது மாடியில் ஒரு சத்தமும் இருக்காது. எங்கள் மாடியில் அப்போது ஒரு சின்னப் பையன் மட்டும் "ஏன் கூட்டிட்டுப் போறாங்க?" என்று மூன்று தடவை கேட்டான், பெரியவர்கள் யாருக்கும் பதில் சொல்ல வரவில்லை.

மூன்றாவதாக, கொஞ்சம் தைரியம் வந்த பிறகு, 'பீரியட். எண்ட் ஆஃப் சென்டன்ஸ்'. 26 நிமிடம். கோயம்புத்தூர் அருணாசலம் முருகானந்தம் உருவாக்கிய மலிவு விலை நாப்கின் இயந்திரம் உத்தரப்பிரதேசத்தில் ஹாபூர் பக்கத்துக் கிராமத்துக்குப் போய்ச் சேர்கிறது, அங்கே பெண்கள் அதை ஓட்டக் கற்றுக்கொண்டு, செய்ததைத் தாங்களே வீடு வீடாக விற்கிறார்கள். 2019இல் ஆஸ்கர் வாங்கிய குறும் ஆவணப்படம் இது. மாதவிடாய் என்றால் என்ன என்று கேட்டதும் பெண்கள் முகத்தை மூடிக்கொண்டு சிரிப்பதில்தான் படம் ஆரம்பிக்கிறது, எங்கள் மாடியிலும் அதே நேரத்தில் அதே சிரிப்புதான் வந்தது. ஆண்கள் பாதிப் பேர் தரையைப் பார்த்தார்கள். படம் முடிந்து எழுபத்தைந்து வயதுப் பாட்டி ஒருவர், தன் பிறந்த வீட்டில் அந்த மூன்று நாளும் எந்த மூலையில் உட்காரவைக்கப்பட்டார், எந்தத் தட்டு, எந்தப் பாய் என்று ஒவ்வொன்றாகச் சொன்னார். அவர் மகன் அங்கேதான் இருந்தார். ஐம்பது வருஷத்தில் அம்மா இதைத் தன்னிடம் சொன்னதில்லை என்று பிறகு என்னிடம் சொன்னார்.

முதல் மூன்று தடவைக்கும் 45 நிமிடத்தைத் தாண்டாதீர்கள். நீளப் படம் போட்டால் பாதியில் எழுந்து போகிறவர்கள் வெட்கப்பட்டு அடுத்த மாதம் வரமாட்டார்கள். ஆறேழு மாதம் ஆகி, கூட்டம் பழகிய பிறகு ஆக்னஸ் வர்தாவின் 'தி க்ளீனர்ஸ் அண்ட் ஐ' போடலாம். 2000இல் வந்த பிரெஞ்சுப் படம், கிட்டத்தட்ட ஒன்றேகால் மணி நேரத்துக்கு மேல். தலைப்பைக் கேட்டதும் துப்புரவு வேலை என்று நினைத்துவிடாதீர்கள், அறுவடை முடிந்த வயலில் சிந்திக் கிடப்பதைப் பொறுக்கி எடுப்பவர்களைப் பற்றியது, நம் ஊரில் கதிர் பொறுக்குவது என்போமே அது. கையடக்க டிஜிட்டல் கேமராவை எடுத்துக்கொண்டு, எழுபது வயதைத் தாண்டிய அந்த அம்மா வயல் வயலாக, சந்தை சந்தையாகப் போகிறார். கடையில் விற்காது என்று கொட்டிய உருளைக்கிழங்குக் குவியலில் இதய வடிவக் கிழங்குகளைத் தேடி எடுத்து வீட்டுக்குக் கொண்டுபோகிறார். சந்தை முடிந்த பிறகு மிச்சம் கிடக்கும் காய்கறியைச் சாப்பிட்டே வாழும் ஒருவர் வருகிறார், உயிரியல் படித்தவர், ராத்திரியானால் தான் தங்கியிருக்கும் விடுதியில் வெளிநாட்டிலிருந்து பிழைக்க வந்தவர்களுக்குக் காசு வாங்காமல் பிரெஞ்சு சொல்லிக் கொடுக்கிறார். நான் பார்த்த எந்தப் பாராட்டுப் படத்திலும் இப்படி ஒரு மனிதர் கிடைக்கவில்லை. கோயம்பேட்டில் ஏலம் முடிந்து லாரிகள் கிளம்பிய பிறகு தரையில் குனிந்து நடப்பவர்களைப் பார்த்திருக்கிறீர்கள்தானே? படம் முடிந்ததும் பேச்சு நேரே அங்கே போகும்.

போட்டுக் காட்ட அனுமதி

டெலிகிராமில் கிடைக்கிறது என்று எடுத்துப் போடாதீர்கள். ஆவணப்படம் எடுப்பவர்கள் பலர் நாலைந்து வருஷம் கைக்காசைப் போட்டு எடுக்கிறார்கள். படம் எடுத்தவரே அல்லது வெளியீட்டாளரே யூடியூபில் போட்டு வைத்திருந்தால் அதைப் போடுவது சுலபம். நெட்ஃபிளிக்ஸ் தன் சொந்த ஆவணப்படங்கள் சிலவற்றை, டிக்கெட் இல்லாமல் கல்வி நோக்கத்தில் ஒரு தடவை திரையிட அனுமதிக்கிறது, எந்தெந்தப் படம், என்ன நிபந்தனை என்று அவர்கள் தளத்திலேயே இருக்கும், ஒவ்வொரு படத்துக்கும் தனித்தனியாகப் பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள். மற்றதற்கெல்லாம் இயக்குநருக்கே ஒரு மெயில் எழுதுங்கள். எந்த ஏரியா, எத்தனை பேர், காசு வாங்கப் போவதில்லை, படம் முடிந்து பேசுவோம், இவ்வளவுதான் எழுத வேண்டும். எனக்குப் பதில் வராமல் போனது குறைவு. ஒருவர் தொகை கேட்டார், எல்லாரும் போட்டுச் சேர்த்துக் கொடுத்தோம். இன்னொருவர் ஒன்றும் வாங்காமல், எங்கள் மாடியில் என்ன பேசினோம் என்று எழுதி அனுப்பச் சொன்னார், அதைப் படித்துவிட்டு இரண்டு பக்கத்துக்குப் பதில் போட்டார்.

புதுப் படங்கள் தெரிந்துகொள்ள நீங்களும் வெளியே போய்ப் பார்க்க வேண்டும். நுங்கம்பாக்கத்தில் ஜெர்மன் பண்பாட்டு மையமான மாக்ஸ் முல்லர் பவன், கல்லூரிச் சாலையில் பிரெஞ்சு மையமான அலியான்ஸ் பிரான்சேஸ் இரண்டிலும் திரையிடல்கள் நடக்கும். தமிழில் இந்தத் துறையைப் பல வருஷமாகத் தாங்கிப் பிடித்திருப்பது ஆவணப்பட இயக்குநர் அமுதனின் 'மறுபக்கம்' அமைப்பு, மதுரையில் 1998இலிருந்து ஆவணப்பட விழா நடத்துகிறார்கள். பள்ளிக்கூடம், நூலகம், கல்லூரி என்று எந்த இடம் கிடைத்தாலும் திரையைக் கட்டிவிடுபவர்களைப் பார்த்துத்தான் நம் மாடியிலும் முடியும் என்ற தைரியம் எனக்கு வந்தது.

மாடியைத் தயார் செய்வது

அசோசியேஷன் செயலாளரிடம் முதலில் கேளுங்கள், காமன் மீட்டரில் கரண்ட் எடுப்பதென்றால் அதையும் சேர்த்தே கேளுங்கள். ஒன்பது மணிக்குள் முடித்துவிடுவோம் என்று சொன்னால் பெரும்பாலும் ஒத்துக்கொள்வார்கள். இரவு பத்து மணிக்கு மேல் ஒலிபெருக்கி சட்டப்படியே கூடாது, அந்த எல்லைக்குப் பக்கத்திலேயே போக வேண்டாம்.

சென்னையில் ஜூன், ஜூலையில் சூரியன் மறைய ஆறரைக்கு மேல் ஆகும், நவம்பர், டிசம்பரில் ஆறு மணிக்கு முன்பே மறைந்துவிடும். மறைந்து அரைமணி நேரம் போனால்தான் சுவரில் படம் தெளிவாகத் தெரியும். ஜனவரியிலிருந்து மார்ச் வரைதான் அருமையான மாதங்கள். ஏப்ரல், மே என்றால் ஒரு வேலை கூடும்: பகல் முழுக்க வெயில் குடித்த தளம் ராத்திரி எட்டு மணி வரை சுடும். நான் ஐந்தரைக்கே மாடிக்குப் போய் ஹோஸ் பிடித்துத் தண்ணீர் அடிப்பேன். முதல் தண்ணீர் விழுந்ததும் தரையிலிருந்து முகத்துக்கு ஓர் அனல் எழும்பும், ஓட்டுத் தளத்தில் சுர்ரென்று சத்தம் வரும், ஐந்து நிமிடத்தில் காய்ந்துவிடும். மறுபடி அடிக்க வேண்டும். மூன்றாவது தடவைதான் ஈரம் நிற்கும். அதற்குப் பிறகு ஜமக்காளம் விரித்தால் ஏழு மணிக்கு வெறுங்காலோடு உட்காரலாம்.

திரைக்கு எல்லாரும் முதலில் பெட்ஷீட் கட்டுவார்கள். நாங்களும் கட்டினோம். ஆறு மணிக்கு மேல் கடல்காற்று வந்ததும் அது பாய்மரம் மாதிரி உப்பிக்கொண்டது, ஜாதவ் பாயேங்கின் முகம் படம் முழுக்க வயிறு மாதிரி வீங்கி அடங்கியது. மேலும் கீழும் மடித்துத் தைத்து பிவிசி பைப் செருகினால் ஓரளவு நிற்கும். அதைவிட நல்லது மாடிப்படி அறையின் வெளிச்சுவர். பளபளக்காத வெள்ளை பெயின்ட் இரண்டு கோட் அடித்துவிடுங்கள், அதற்குப் பிறகு திரை என்ற பிரச்சினையே இல்லை. ஆணி, விரிசல், பழைய தேர்தல் சின்னம் ஏதாவது இருந்தால் பட்டி பார்த்துவிட்டு அடியுங்கள்.

புரொஜெக்டரை வாங்காதீர்கள், முதல் ஆறு மாதம் வாடகைக்கு எடுங்கள். ரிச்சி தெருவில் நாலு கடை ஏறி இறங்கினால் வாடகைக்குத் தருபவர்கள் யார் என்று சொல்லிவிடுவார்கள். ஆன்லைனில் பத்தாயிரம் லூமன்ஸ் (வெளிச்சத்தின் அளவு) என்று போட்டு மலிவாக விற்கும் பெட்டிகளை நம்பாதீர்கள், "ஆன்சி லூமன்ஸ் எவ்வளவு?" என்று கேளுங்கள், அதில் 3000 இருந்தால் நம் மாடிக்குத் தாராளம். சாதாரண புரொஜெக்டருக்குப் படத்தின் அகலத்தைப் போல ஒன்றரை மடங்கு தூரம் தேவைப்படும், எட்டு அடி அகலப் படத்துக்குப் பன்னிரண்டு அடி. ஆக அது கூட்டத்துக்கு நடுவில்தான் உட்காரும், ஒரு ஸ்டூல் போட்டு வையுங்கள், வயரைத் தரையோடு டேப் போட்டு ஒட்டுங்கள். அண்ணாந்து பார்க்கும்படி சாய்த்து வைத்தால் படம் மேலே அகன்று கீழே குறுகும். அதைச் சரிசெய்ய பட்டன் இருக்கிறது, ஆனாலும் நேராக வைப்பதுதான் நல்லது.

ஒலியில்தான் நிறையப் பேர் கோட்டை விடுகிறார்கள். புளூடூத் ஸ்பீக்கர் வேண்டாம், சத்தம் கொஞ்சம் பிந்தி வரும், வாய் ஒரு பக்கம் பேச்சு ஒரு பக்கம் போகும். வயர் போட்டு இணையுங்கள். திறந்தவெளியில் சத்தம் காற்றோடு போய்விடும் என்பதால் ஸ்பீக்கரைச் சுவரை ஒட்டி, கூட்டத்தைப் பார்த்து வையுங்கள். எங்களுக்குக் கடற்கரை - தாம்பரம் மின்சார ரயில் சத்தமும் உண்டு, ரயில் கடக்கும்போது ஒரு வசனம் போனால் போகட்டும் என்று விட்டுவிடாமல் நிறுத்திவிட்டுப் பத்து விநாடி பின்னால் தள்ளிப் போடுவோம், அதில் யாருக்கும் கோபம் வந்ததில்லை. இன்னொரு எச்சரிக்கை: ஓடிடி தளங்களிலிருந்து போடும்போது மலிவு கன்வெர்ட்டர் இருந்தால் ஒலி வரும், படம் கறுப்பாக இருக்கும். மதியமே எல்லாவற்றையும் இணைத்து ஒரு தடவை ஓட்டிப் பார்த்துவிடுங்கள். கொசுவத்தி, படிக்கட்டில் விளக்கு, குழந்தைகள் கைப்பிடிச்சுவர் பக்கம் போகாதபடி அவர்களுக்கு முன்வரிசை. அவ்வளவுதான்.

யாரைக் கூப்பிடுவது, எப்படி

வாட்ஸப் குரூப்பில் போஸ்டர் போட்டால் கட்டைவிரல் வரும், ஆள் வராது. சனிக்கிழமை சாயந்திரம் வீட்டுக்கு வீடு போய்க் கதவைத் தட்டிச் சொல்லுங்கள். "மாமி, நாளைக்கு ஏழேகாலுக்கு மாடிக்கு வாங்க, பதினாறு நிமிஷப் படம், ஒருத்தர் தனியா காடு வளர்த்த கதை" என்று ஒரே மூச்சில் முடிய வேண்டும். எவ்வளவு நேரம் என்று முதலிலேயே சொல்வது ரொம்ப முக்கியம்.

வீட்டுக்காரர்களோடு நிறுத்திவிடாதீர்கள். கீழே இஸ்திரி வண்டி போட்டிருக்கும் அண்ணன், வாட்ச்மேன் ஐயா, வீட்டு வேலைக்கு வரும் அக்காக்கள், எதிர்க் கடை அண்ணாச்சி எல்லாரையும் நேரில் போய்க் கூப்பிடுங்கள். நேரத்தையும் அவர்களைக் கேட்டே வையுங்கள். வேலைக்கு வரும் அக்கா ஒருவர், "ஞாயித்துக்கிழமைன்னா பிள்ளைங்களையும் கூட்டியாருவேன், மத்த நாள்ல முடியாது" என்றார், அதனால்தான் எங்களுக்கு ஞாயிறு. நாற்காலி போட்டால் எல்லாருக்கும் நாற்காலி, ஜமக்காளம் என்றால் எல்லாரும் ஜமக்காளம். முதல் தடவை நாங்கள் பதினைந்து நாற்காலிதான் எடுத்திருந்தோம், வாட்ச்மேன் ஐயா படிக்கட்டு ஓரமாகவே நின்று பார்த்துவிட்டுக் கீழே இறங்கிவிட்டார். மனிதநேயம் பற்றிய படத்தை அப்படி ஒருவரை நிற்கவைத்துப் போட்டது எனக்கு ராத்திரி முழுக்க உறுத்தியது. அடுத்த மாதத்திலிருந்து நாற்காலியே வேண்டாம் என்று விட்டோம், முழங்கால் வலி இருப்பவர்களுக்கு மட்டும் பின்னால் நாலு.

ஆங்கில சப்டைட்டில் ஓடும் வேகத்தில் பாதிப் பேருக்குப் படிக்க வராது. இதற்கு நம்மிடம் பழைய வழி ஒன்று இருக்கிறது. 1905இல் திருச்சியில் ரயில்வே வேலையில் இருந்த சாமிக்கண்ணு வின்சென்ட், ஒரு பிரெஞ்சுக்காரரிடம் படம் காட்டும் கருவியை வாங்கி, டென்ட் அடித்து ஊர் ஊராகப் படம் காட்டினார். அந்தப் பேசாப் படக் காலத்தில் திரைக்குப் பக்கத்தில் நின்று ஒருவர் கதை சொல்வார். எங்கள் மாடியில் அந்த வேலையை இரண்டாம் மாடிப் பெண் செய்கிறாள், ப்ளஸ் ஒன் படிக்கிறாள். முந்தின நாள் படத்தை இரண்டு தடவை பார்த்து, எந்த நிமிடத்தில் என்ன சொல்ல வேண்டும் என்று ஒரு தாளில் குறித்துக்கொள்வாள். எல்லா வசனத்தையும் மொழிபெயர்க்க வேண்டாம் என்பதை அவளாகவே கண்டுபிடித்தாள். யார் பேசுகிறார், எதைப் பற்றி, அவ்வளவு போதும், யாரும் பேசாத இடங்களில் அவளும் பேசமாட்டாள். பாட்டிகள் இப்போது அவளைக் கேட்டுவிட்டுத்தான் வருகிறார்கள்: "நாளைக்கு நீதானே சொல்றே?"

படம் முடிந்த பிறகு

டியூப்லைட்டைப் பட்டென்று போடாதீர்கள், எல்லாரும் எழுந்து செருப்பைத் தேடுவார்கள். ஒரு மூலையில் சின்ன பல்பு மட்டும் எரியட்டும், அப்போது சுண்டல் கொடுங்கள். கையில் சுண்டல் இருக்கும்வரை யாரும் போகமாட்டார்கள்.

"படம் எப்படி இருந்தது?" என்று கேட்கவே கேட்காதீர்கள். சூப்பர் என்பார்கள், பேச்சு அங்கேயே செத்துவிடும். நான் கேட்பது, "எந்த இடத்துல உங்க கண்ணு நின்னுச்சு?" இதற்குப் படித்தவர், படிக்காதவர், சின்னப் பிள்ளை எல்லாராலும் பதில் சொல்ல முடியும். 'ஃபாரஸ்ட் மேன்' பார்த்த ஒரு அக்கா, காட்டைப் பற்றி ஒன்றும் சொல்லாமல் பாயேங்கின் காலைப் பற்றி மட்டும் சொன்னார், தன் அப்பாவுக்கும் இப்படித்தான் பாதம் வெடித்திருக்கும் என்று. அங்கிருந்துதான் அன்றைய பேச்சு போனது. முதலில் பேச வாய்ப்பை எப்போதும் பேசுகிறவருக்குக் கொடுக்காதீர்கள், அசோசியேஷன் தலைவர் எங்கேயும் ஓடிவிடப் போவதில்லை. யாரும் பேசாமல் இரண்டு நிமிடம் போனால் போகட்டும், நீங்கள் அதை நிரப்ப வேண்டாம். உடனே "நாமும் ஏதாவது செய்வோம்" என்று உண்டியல் குலுக்க ஆரம்பிப்பதையும் தடுத்துவிடுங்கள், காசு போட்டதும் பேச்சு முடிந்துபோன உணர்வு வந்துவிடுகிறது.

அடுத்த கேள்வி, இது மாதிரி வேலையை நம்ம பக்கம் யாராவது செய்வதைப் பார்த்திருக்கிறீர்களா என்பது. இதற்குப் பதில் வர நேரம் ஆகும். 'ஃபாரஸ்ட் மேன்' படத்தை இரண்டாவது வருஷம் மறுபடி போட்டோம், முதல் தடவை வராதவர்களுக்காக. அன்றைக்கு ஜமக்காளத்தின் ஓரத்தில் உட்கார்ந்திருந்த வாட்ச்மேன் ஐயா, தொண்டையைச் செருமிக்கொண்டு, "நாங்க பனங்கொட்டை போடுவோம் சார்" என்றார். விழுப்புரம் பக்கம் அவர் ஊர். சின்ன வயதில் அவர் தாத்தா ஆவணி, புரட்டாசியில் பனம்பழம் விழுந்து முடிந்ததும் கொட்டைகளைச் சாக்கில் கட்டிக்கொண்டு போய் ஏரிக்கரை நெடுக ஊன்றுவாராம், பேரனைக் கூட்டிப் போய்க் குழி மட்டும் போடச் சொல்வாராம். எவ்வளவு ஆழம் என்று ஒரு பையன் கேட்டான். ஐயா தன் கையை நீட்டி, விரல் நுனியிலிருந்து மணிக்கட்டுக்குக் கொஞ்சம் மேல் வரை தொட்டுக் காட்டினார். மரம் காய்க்கப் பத்துப் பதினைந்து வருஷமாவது ஆகும், ஆணா பெண்ணா என்று அப்போதுதான் தெரியும், வைத்தவர் அதுவரை இருப்பார் என்று சொல்ல முடியாது என்றார். அந்த மரங்கள் இப்போது இருக்கிறதா என்று கேட்டோம். ரோடு போட்ட பக்கம் போய்விட்டது, மதகுப் பக்கம் இருக்கிறது. நாலு வருஷமாக எங்கள் கேட்டைத் திறந்து மூடியவர் அவர், அன்றைக்குத்தான் அவர் ஊர்ப் பெயரே எங்களில் பலருக்குத் தெரிந்தது.

இந்த மாதிரிப் பேச்சு வந்தால் குறித்து வையுங்கள். நாங்கள் ஒரு நீளக் கணக்கு நோட்டு வாங்கி வைத்திருக்கிறோம், தேதி, படம், யார் என்ன சொன்னார் என்று யாராவது ஒருவர் எழுதுவார். எழுத வராதவர் சொல்ல, பக்கத்தில் இருப்பவர் எழுதுவார். அடுத்து எந்தப் படம் போடுவது என்ற முடிவும் பெரும்பாலும் அந்த நோட்டிலிருந்துதான் வருகிறது.

அந்த வருஷம் புரட்டாசியில் ஊருக்குப் போய்வந்த ஐயா ஒரு அரைச் சாக்குப் பனங்கொட்டை கொண்டுவந்தார். மரமாக வளர்க்க எங்கள் காம்பவுண்டில் இடம் கிடையாது, கிழங்காவது எடுக்கலாம் என்றார். பின்பக்கம் கட்டட வேலையில் மிஞ்சிய மணலைக் கூட்டி, பாத்தி மாதிரி கட்டி, குழந்தைகள் வரிசையாக அடுக்க, மேலே மண் போட்டு மூடினோம். மழை மூன்று மாதமும் அதுவே பார்த்துக்கொண்டது. பொங்கலுக்கு முந்தின ஞாயிறு தோண்டினோம், முழம் நீளத்துக்குச் சில, விரல் நீளத்துக்குப் பல. மஞ்சளும் உப்பும் போட்டு மூன்றாம் மாடி மாமி வேகவைத்துக் கொடுத்தார். அந்த மாதத் திரையிடலுக்குச் சுண்டலுக்குப் பதில் அதுதான், தோலை உரித்து நார் நாராகப் பிய்த்துத் தின்றுகொண்டே வர்தாவின் படத்தைப் பார்த்தோம், நடுவில் இருக்கும் பீலியை எடுத்துப்போட்டுவிட்டுச் சாப்பிட வேண்டும் என்பதை ஐயா வரிசை வரிசையாக வந்து எல்லாருக்கும் காட்டிக்கொடுத்தார்.